யாருக்க மவன் இந்த மணலு?

எங்க ஊருல புதுசா ஒரு ஆளை பாத்தா முதல்ல பேரு கேக்கமாட்டாங்க, "நீ யாருக்க மவன்?"னுதான் கேப்பாங்க. அப்பா பேரு, தாத்தா பேரு, அம்மாக்க ஊரு எல்லாம் சொல்லி முடிச்ச பொறவுதான் உக்காருன்னு சொல்லி சாயா வரும். நான் கன்னியாகுமரி மாவட்டத்துல மணவாளக்குறிச்சி பக்கம் ஒரு கடற்கரை ஊருல பிறந்து வளந்தவ, ஜியாலஜி படிச்சிட்டு இப்ப ஒரு லேப்புல வேலை பாக்கேன், கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க யாராவது உனக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா நான் சொல்ற பதில் ஒண்ணுதான், மணலு கிட்ட போய் நீ யாருக்க மவன்னு கேக்குற வேலை.

போன மாசம் லீவுக்கு வீட்டுக்கு போனப்போ அப்பா கூட இத பத்தி ரொம்ப நேரம் பேசினேன், அந்த பேச்சு மனசுலயே கிடக்கு, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

அப்பா மணல் ஆலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. நான் ஸ்கூல் படிக்கிற காலத்துல அவருக்க காக்கி பேன்ட்டை அம்மா துவைக்க போடும்போ பாக்கெட்டை திருப்பி உதறுவாங்க, துவைக்கிற கல்லு மேல கறுப்பா ஒரு கோடு விழும், ஈரத்துல அது மை மாதிரி மினுங்கும். கருமணல். நாங்க அத விரலால தொட்டு நெத்தியில பொட்டு வச்சு விளையாடுவோம். அந்த கோட்டை நல்லா உத்து பாத்தா முழுசா கறுப்பு கிடையாது, நடுவுல ரோஸ் கலர்ல கார்னெட், தேன் கலர்ல மோனசைட், அங்கங்க கண்ணாடி பொடி மாதிரி பளிச்சுனு சிலது. அந்த பளிச்சு எல்லாம் ஜிர்கான். அப்ப எனக்கு பேரு தெரியாது, அப்பாவுக்கு தெரியும், அவருக்கு அது டன் கணக்குல லாரியில ஏறி டைல்ஸ் கம்பெனிக்கு போற சரக்கு.

இந்த கருமணல் ஏன் எங்க கரையில இவ்வளவு சேருதுன்னு கேட்டா கடல்தான் காரணம். ஆனி ஆடி மாசம் தென்மேற்கு பருவக்காத்துல கடல் அடிக்கிற அடியில அலை ஏறி வந்து மணலை போட்டுட்டு, திரும்பி போகும்போ லேசான வெள்ளை மணலை, அதாவது குவார்ட்ஸை இழுத்துட்டு போயிரும், கனமானது போகமுடியாம கரையிலயே படிஞ்சிரும். குவார்ட்ஸ் தண்ணியை விட ரெண்டரை மடங்குக்கு கொஞ்சம் மேல கனம், ஜிர்கான் நாலரை மடங்குக்கும் மேல, அந்த கறுப்பு மணியான இல்மனைட்டும் கிட்டத்தட்ட அதேதான். முறத்துல அரிசி புடைக்கிறப்போ உமி பறந்து அரிசி நிக்குமில்ல, அதே வேலையை கடல் பல்லாயிரம் வருஷமா பண்ணிட்டு இருக்கு.

கன்னியாகுமரிக்கு டூர் வந்தவங்க சின்ன பாக்கெட்டுல ஏழு கலர் மணல் வாங்கிட்டு போயிருப்பீங்க. தேவிக்க கல்யாணம் நடக்காம போச்சு, கல்யாணத்துக்கு வச்சிருந்த அரிசியெல்லாம் சமைக்காம கிடந்து மணலா மாறிடுச்சு, அதான் கரையில அரிசி மாதிரி மணலு கிடக்குன்னு பாட்டி சொல்லுவாங்க. படிச்ச பொறவும் எனக்கு அந்த கதை மேல மரியாதை குறையல. ஏன்னா அதுல ஒரு விஷயம் சரியா இருக்கு, மணலு பிறக்கும்போதே மணலா பிறக்கல, அதுக்கு முன்னாடி வேற ஒண்ணா இருந்துச்சு, என்னமோ நடந்து இப்பிடி ஆச்சு. எனக்க வேலையும் அந்த "அதுக்கு முன்னாடி" என்னன்னு தேடுறதுதான்.

எங்க ஊரு மணலு யாருக்க மவன்னு முதல்ல கண்டுபிடிச்சது கூட ஒரு தேடல் கதைதான். 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், திருவிதாங்கூர்லேருந்து கப்பல்ல போன கயிறுல ஒட்டியிருந்த மணலை பாத்து அதுல மோனசைட் இருக்கிறதை கண்டுபிடிச்சாரு. அப்ப கேஸ் லைட்டு மேன்டில் செய்ய தோரியம் வேணும், தோரியம் மோனசைட்டுல இருக்கு. கயிறுல இருந்த மணலை பிடிச்சுட்டு கரையை தேடி வந்து, கடைசியில மணவாளக்குறிச்சியில மணல் பிரிக்கிற ஆலை வந்தது. அப்ப நாங்க திருவிதாங்கூர் ராஜ்யம், 1956 நவம்பர் 1-லதான் மெட்ராஸ் ஸ்டேட்ல சேந்தோம், அதான் பொறவு தமிழ்நாடுன்னு ஆச்சு.

சரி, மணலு வேற மணற்கல்லு வேற. மணலு எங்கயோ போய் படிஞ்சு, மேல மேல மண்ணு விழுந்து அமுங்கி, தண்ணியில கரைஞ்சு வந்த சிலிக்காவோ சுண்ணாம்போ இரும்போ நடுவுல பசை மாதிரி ஒட்டி இறுகினா அதான் மணற்கல்லு. எங்க மாவட்டத்துல வீட்டு அஸ்திவாரத்துக்கு போடுற கல்லு, சுசீந்திரம் கோயில் தூணு, விவேகானந்தர் பாறை எதுவும் மணற்கல்லு கிடையாது, எல்லாம் பூமிக்கு அடியில ஆழத்துல வெந்து உருவான கல்லு. நான் முதல்ல மணற்கல்லை கையில தொட்டது வர்க்கலையில, காலேஜ் டூர்ல, கடலோரம் செங்குத்தா நிக்குமே அந்த சிவப்பு குன்று. நகத்தால சுரண்டினா மணி மணியா உதிரும். உள்ளங்கையில வச்சு பாத்தேன், ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு மாதிரி. ஒரு கல்லுக்குள்ள இத்தனை பேரா, இவங்க எல்லாம் எங்கேருந்து வந்தாங்கன்னு அன்னைக்கு மனசுல விழுந்த கேள்விதான் என்னை இந்த லேப்பு வரைக்கும் கொண்டுவந்தது.

இனி வேலை எப்பிடின்னு சொல்றேன். மலையில போய் நாலஞ்சு கிலோ மணற்கல்லு எடுத்துட்டு வருவோம். க்ரஷர்ல போட்டு உடைச்சு, மறுபடி மணலாக்கி, சலிச்சு, ஆடுற மேசையில தண்ணி விட்டு கனமானதை ஒதுக்கி, காந்தத்துல விட்டு இழுபடுறதை எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு கனமான திரவத்துல போட்டா குவார்ட்ஸ் மிதக்கும் ஜிர்கான் முங்கும். இத நான் அப்பாவுக்கு விளக்கினப்போ அவரு சிரிச்சுட்டு, "இது எங்க கம்பெனிதானே மக்களே, மேசை மேல சின்னதா வச்சிருக்கிய"ன்னாரு. நூத்துக்கு நூறு உண்மை. ஆலையிலயும் முதல்ல ஸ்பைரல்ல தண்ணி விட்டு கனம் பிரிப்பாங்க, காய வச்சு ஹை டென்ஷன் செப்பரேட்டர்ல விடுவாங்க, கரண்டு கடத்துற இல்மனைட்டும் ரூட்டைலும் உருளையிலேருந்து தெறிச்சு போயிரும், கடத்தாத ஜிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் உருளையிலயே ஒட்டிட்டு சுத்தி வந்து வேற பக்கம் விழும், பொறவு காந்தம், அது கார்னெட்டையும் மோனசைட்டையும் இழுத்துக்கும். கடைசியில சில்லிமனைட்டையும் கழிச்சா ஜிர்கான். அப்பா காலம் பூரா செஞ்சதை நான் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால செய்யேன். என்ன, அங்க டன் டன்னா, இங்க அஞ்சு கிலோ கல்லுலேருந்து ஒரு சிட்டிகை. அந்த ஒரு சிட்டிகையிலேருந்து ஒவ்வொண்ணா பிரஷ் நுனியில எடுத்து டேப்புல வரிசையா ஒட்டணும். ஒரு மணி மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருந்தா பெருசு. மூச்சை விட்டா பறந்துரும், அதனால மூச்சை அடக்கிட்டு எடுத்து பழகிட்டேன், இப்ப வீட்டுல ஊசியில நூல் கோக்கும்போ கூட தானா மூச்சு நின்னுருது.

ஏன் ஜிர்கான்? முதல் காரணம் அது சாகாது. மலை உடைஞ்சு ஆத்துல உருண்டு கடல்ல அடிபட்டு மத்த மணியெல்லாம் தேஞ்சு கரைஞ்சு களிமண்ணா போனாலும் ஜிர்கான் ஓரம் மழுங்கி நிக்கும். மறுபடி பூமிக்குள்ள போய் கல்லாகி, அந்த கல்லு உடைஞ்சு மறுபடி மணலானாலும் இருக்கும். பூமியிலேயே பிறந்ததுல இதுவரைக்கும் வயசு கணக்கு போட்ட ரொம்ப பழைய துண்டு ஆஸ்திரேலியாவுல ஜாக் ஹில்ஸ்ங்கிற இடத்துல கிடைச்ச ஒரு ஜிர்கான்தான், சுமார் 440 கோடி வருஷம், அது இருந்த கல்லு அத விட 100 கோடி வருஷத்துக்கும் மேல இளசு. மவன் கல்லுக்குள்ள கொள்ளு தாத்தா உக்காந்திருக்காரு.

ரெண்டாவது காரணம்தான் பெருசு. ஜிர்கான் உருகின பாறையிலேருந்து உறையும்போ யுரேனியத்தை கொஞ்சம் உள்ள சேத்துக்கும், பத்து லட்சத்துல நூறு இருநூறு பங்கு, ஆனா ஈயத்தை உள்ள விடாது, அதுக்க அணு அடுக்குல ஈயம் பொருந்தாது. ஆக பிறக்கும்போ ஈயம் கிட்டத்தட்ட சைபர். அதுக்கு பொறவு உள்ள இருக்கிற யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு ஈயமாகும், அது ஓடுற வேகம் வெயிலுக்கும் மழைக்கும் மாறாது. இன்னைக்கு எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம்னு அளந்தா பிறந்த வருஷம் வந்துரும். அதுலயும் ஒரு அழகு, யுரேனியத்துல ரெண்டு வகை இருக்கு. 238 பாதியாக 447 கோடி வருஷம் எடுக்கும், அது ஈயம் 206 ஆகும். 235 பாதியாக 70 கோடி வருஷம், அது ஈயம் 207 ஆகும். ஒரே மணிக்குள்ள ரெண்டு கடிகாரம் வேற வேற வேகத்துல ஓடுது. எங்க ஊருல சீட்டு நடத்துற அக்காமாரு ஒருத்தருக்கு ரெண்டு பேரா தனித்தனி நோட்டுல கணக்கு எழுதுவாங்க, மாசக்கடைசியில ரெண்டு நோட்டும் ஒத்துப்போனா யாரும் கைவைக்கலன்னு அர்த்தம். அதே மாதிரி ரெண்டு கடிகாரமும் ஒரே வயசு சொன்னா அந்த வயசை நம்பலாம், சொல்லலன்னா நடுவுல எப்பவோ சூடுலயோ அடியிலயோ ஈயம் வெளிய கசிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

மணியை எல்லாம் எப்பாக்ஸி பிசின்ல பதிச்சு, பாதி வரைக்கும் தேச்சு பாலிஷ் பண்ணி, எலக்ட்ரான் கற்றை அடிச்சு ஒளிர வச்சு போட்டோ எடுப்போம். அப்ப தெரியுற உள்பக்கம் இருக்கே, வெங்காயத்தை குறுக்க வெட்டின மாதிரி வளையம் வளையமா. அந்த வளையத்துல எத அளக்கணும்னு பாத்து லேசர் அடிப்போம், 30 மைக்ரான் குழி, நம்ம தலைமுடி தடிமனுல பாதி கூட இருக்காது, அந்த குழியிலேருந்து கிளம்புற புகையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உறிஞ்சி அணு அணுவா எண்ணும். ஒவ்வொரு ஜிர்கான் மணியையும் அளக்க ஒரு நிமிஷம் போதும்.

இப்ப ஒரு மணிக்க வயசு வந்தாச்சு. இதுல நிறைய பேரு குழம்புற ஒரு இடம் இருக்கு, நானும் முதல் வருஷம் குழம்பியிருக்கேன். மணிக்க வயசு கல்லுக்க வயசு கிடையாது. வீட்டுல மண் உண்டியல் இருக்குன்னு வச்சுக்கோங்க, வாய் அடைச்சாச்சு, எப்ப அடைச்சதுன்னு தெரியாது. உடைச்சு பாத்தா பழைய பத்து பைசா, நாலணா, எட்டணா எல்லாம் இருக்கு, கூடவே 2016-ல வந்த புது ஐநூறு ரூபா நோட்டு ஒண்ணு இருக்கு. அந்த ஒரு நோட்டு போதும், 2016 நவம்பருக்கு முன்னால இந்த உண்டியலை அடைச்சிருக்க முடியாது. பத்து பைசா எத்தனை கிடந்தாலும் அடைச்ச தேதியை சொல்லாது, ஆனா உண்டியல்ல காசு போட்டவங்க யாருன்னு கொஞ்சம் சொல்லும். மணற்கல்லுலயும் அப்பிடித்தான், இருக்கிறதுலயே இளைய ஜிர்கான் கல்லு எதுக்கு முன்னால உருவாகியிருக்க முடியாதுன்னு எல்லை போடும், மத்தவங்க எல்லாரும் சேந்து எந்தெந்த மலையிலேருந்து வந்தாங்கன்னு சொல்லுவாங்க.

எந்த மலைன்னு எப்பிடி தெரியும்னா, கல்யாண மண்டபத்துக்கு வெளிய நின்னு உள்ள பேசுறவங்க பேச்சை கேட்டுப் பாருங்க. விளவங்கோடு பக்கத்து பேச்சு ஒரு மாதிரி, தோவாளை நாஞ்சில்நாட்டு பேச்சு ஒரு மாதிரி, திருநெல்வேலிக்காரங்க வாய் திறந்தாலே தெரியும். எந்த பேச்சு எத்தனை பங்கு கேக்குதுன்னு வச்சு மாப்பிள்ளை வீடு எங்க, பொண்ணு வீடு எங்கன்னு சொல்லிரலாம். ஒரு ஆள் பேச்சை மட்டும் கேட்டு சொல்லக்கூடாது, அவன் பந்திக்கு வந்தவனா இருக்கலாம். அதனால ஒரு கல்லுக்கு நூறு மணிக்கு குறையாம அளப்போம். 117-னு ஒரு கணக்கு இருக்கு, கூட்டத்துல நூத்துக்கு அஞ்சு பங்காவது இருக்கிற எந்த கூட்டத்தாரும் விட்டுப்போகலன்னு 95 சதவீதம் உறுதியா சொல்ல அத்தனை மணி வேணும். ஒவ்வொரு மலைத்தொடருக்கும் பிறந்த வருஷங்கள் ஒரு தொகுப்பா இருக்கும், கல்லுல கிடைச்ச வயசுகளை வரைபடமா போட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சா முகஜாடை தெரிஞ்சிரும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இங்கிலாந்துல பெரிய பெரிய கல்லை வட்டமா நட்டு வச்சிருக்கிற ஸ்டோன்ஹெஞ்ச் நடுவுல படுத்திருக்கிற பீடக்கல்லு கதை. அஞ்சு மீட்டர் நீளம், ஆறு டன், சாம்பல் பச்சை நிறத்து மணற்கல்லு, மேல வேற ரெண்டு கல்லு விழுந்து கிடக்கு. அங்க உள்ள சின்ன நீலக்கற்கள் வேல்ஸ் நாட்டுல பிரசெலி மலையிலேருந்து வந்தது, அதனால இந்த கல்லும் வேல்ஸ்தான்னு நூறு வருஷமா எழுதிட்டு இருந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்தது, ஆஸ்திரேலியா கர்ட்டின் யுனிவர்சிட்டியில பிஎச்டி பண்ணிட்டு இருந்த ஆந்தனி கிளார்க்கும் கூட இருந்தவங்களும் அந்த கல்லுலேருந்து எடுத்த துணுக்குல இருந்த ஜிர்கான், ரூட்டைல், அப்படைட் மணிகளுக்கு வயசு பாத்தாங்க. 100 கோடி வருஷத்துக்கும் முந்தின ஜிர்கான் நிறைய, கூடவே சுமார் 46 கோடி வருஷத்து அப்படைட்டும் ரூட்டைலும். இந்த சேர்க்கை வேல்ஸ் கல்லுல வராது. ஏன்னா வேல்ஸும் ஸ்காட்லாந்தும் ஒரு காலத்துல வேற வேற கண்டம், நடுவுல கடல் கிடந்துச்சு, பொறவுதான் மோதி ஒட்டுச்சு, ரெண்டு பக்கத்து மலைகளுக்கும் பிறந்த வருஷமே வேற. தேடி ஒப்பிட்டு பாத்தா ஸ்காட்லாந்துக்க வடகிழக்கு மூலையில உள்ள ஓர்கேடியன் படுகை மணற்கல்லோட அச்சு அசலா ஒத்துப்போகுது. அங்கேருந்து ஸ்டோன்ஹெஞ்சுக்கு குறைஞ்சது 750 கிலோமீட்டர். ஆறு டன் கல்லை நாலாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னால, சக்கர வண்டிக்கு ரோடு இல்லாத காலத்துல, அவ்வளவு தூரம் மனுசங்க கொண்டுவந்திருக்காங்க. கண்ணுக்கு தெரியாத ஒரு மணி சொன்ன சாட்சியில அந்த காலத்து மக்களை பத்தி நினைச்சிருந்ததே மாறிப்போச்சு. இந்த கிளார்க் வளந்ததே வேல்ஸ் பிரசெலி மலை பக்கம். இந்த கல்லு எங்க ஊரு கல்லு இல்லன்னு அவருக்க கையாலேயே எழுத வேண்டி வந்தது. அத படிச்ச அன்னைக்கு அந்த மனுசனை எனக்கு ரொம்ப பிடிச்சு போச்சு.

அமெரிக்காவுல யூட்டா, அரிசோனா பக்கம் நவாஹோ மணற்கல்லுன்னு ஒண்ணு, சுமார் 19 கோடி வருஷத்துக்கு முந்தின பாலைவன மணல்மேடு, அதுல உள்ள ஜிர்கான்ல ஒரு பெரிய பங்கு கண்டத்துக்க அந்த கோடியில கிழக்கு கரையோரம் இருக்கிற அப்பலேச்சியன் மலையில பிறந்தது, அப்பன்னா கண்டத்தையே குறுக்க கடந்து ஒரு பெரிய ஆறு மணலை கொண்டுவந்திருக்கு. இன்னைக்கு அந்த ஆறு இல்ல. ஆறு போச்சு, மணலு சாட்சி சொல்லுது.

ஜிர்கான் எல்லாத்தையும் சொல்லிரும்னு நினைக்கக்கூடாது. கிரானைட் மாதிரி பாறையில ஜிர்கான் தாராளமா இருக்கும், எரிமலைக்குழம்பு உறைஞ்ச கறுப்பு பசால்ட்டுல கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. தக்காணத்து பசால்ட் மேல ஓடி வர்ற ஆறு எவ்வளவு மண்ணு கொண்டுவந்தாலும் ஜிர்கான் கணக்குல அது வாய் திறக்காத ஆளு. அதனாலதான் பீடக்கல்லுல அப்படைட்டும் ரூட்டைலும் சேத்து பாத்தாங்க, நாங்க மோனசைட்டும் பாப்போம். இன்னொரு சிக்கல், ஒரு மணி நேரா மலையிலேருந்து வந்ததா, இல்ல நடுவுல வேற ஒரு மணற்கல்லுல கோடிக்கணக்கான வருஷம் தங்கிட்டு வந்ததான்னு வயசு மட்டும் வச்சு சொல்லமுடியாது. திருநெல்வேலியிலேருந்து வந்து தக்கலையில மூணு தலைமுறையா இருக்கிறவன் இன்னும் வீட்டுல திருநெல்வேலி பேச்சுதான் பேசுறான்னா, அவன் நேத்து பஸ்ல வந்தவன்னு முடிவு பண்ணிர முடியாதுல்ல.

இப்ப எனக்கு நடந்த ஒண்ணை சொல்லணும். மூணு வருஷத்துக்கு முன்னால வட இந்தியாவுல எடுத்த ஒரு பழைய மணற்கல்லுல வேலை பாத்துட்டு இருந்தேன், 150 கோடி வருஷத்துக்கும் மேல பழசுன்னு வேற வழியில ஏற்கெனவே நல்லா உறுதியான கல்லு. ரெண்டு மாசம் பிரிச்சு, பொறுக்கி, பாலிஷ் பண்ணி லேசருக்கு குடுத்தாச்சு. ரிசல்ட்டுல மூணு மணி 55 கோடி வருஷம்னு வந்துச்சு. 150 கோடி வருஷத்து உண்டியலுக்குள்ள 55 கோடி வருஷத்து நோட்டு. முதல்ல ஈயம் கசிஞ்சிருக்கும்னு நினைச்சேன், பாத்தா ரெண்டு கடிகாரமும் சுத்தமா ஒத்துப்போகுது, கசிவு கிடையாது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. விடியக்காலை நாலு மணிக்கு பொறி தட்டுச்சு. அதுக்கு முந்தின மாசம் மண்டைக்காடு கொடைக்கு வீட்டுக்கு போயிருந்தேன், அப்பாவுக்கு காட்டணும்னு மணி பொறுக்குற பிரஷ்ஷையும் ஒரு லென்ஸையும் எடுத்துட்டு போனேன், திண்ணையில உக்காந்து ரெண்டு பேரும் கருமணலை பேப்பர்ல கொட்டி ஜிர்கான் பொறுக்கினோம். திரும்பி வந்து பிரஷ்ஷை கழுவினேன்தான், ஆனா மயிருக்கு நடுவுல மூணு மணி ஒளிஞ்சிட்டு வந்திருக்கு. 55 கோடிங்கிறது எங்க ஊரு கல்லுக்க வயசு.

கைடு கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திட்டல. அந்த மூணு மணியை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கலாமான்னு நான்தான் கேட்டேன், அதுக்கு, "55 கோடி மணியை நீ கண்டுபிடிச்சுட்ட, அதே பிரஷ்ல வந்த 200 கோடி மணியை எப்பிடி கண்டுபிடிப்ப?"ன்னாங்க. பதில் இல்ல. எங்க ஊரு மணல்ல 200 கோடி வருஷத்து மணியும் இருக்கு, அது அந்த கல்லுல இருக்க நியாயமான வயசு, கலந்தா யாராலயும் பிரிக்கமுடியாது. மொத்தத்தையும் ஒதுக்கிட்டு கல்லு உடைக்கிறதுலேருந்து மறுபடி தொடங்கினேன். அன்னைக்கு ரொம்ப அழுதேன். ஆனா அது சரியான முடிவுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு தப்பான மணி போதும், ஒரு மலைக்கே இல்லாத வரலாறு எழுதிருவோம். இப்ப ஊருலேருந்து வந்தா குளிச்சு துணி மாத்தி செருப்பு வரைக்கும் மாத்திட்டுதான் லேப்புக்குள்ள காலு வைக்கேன், ஒரு கல்லுக்கு ஒரு புது பிரஷ்.

அந்த 55 கோடி என்னன்னு கேட்டா, அப்பதான் கோண்ட்வானாங்கிற பெரிய கண்டம் ஒண்ணா சேந்த நேரம். ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், நாம, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி நெருக்குன நெருக்குல இமயமலை மாதிரி மலைகள் எழும்பிச்சு, இன்னைக்கு நாம நிக்கிற பாறை அந்த மலைக்கு அடியில இருவது முப்பது கிலோமீட்டர் ஆழத்துல வெந்துட்டு இருந்துச்சு. மேல இருந்த மலை முழுசும் தேஞ்சு மணலா போன பொறவுதான் அடியில இருந்தது மேல வந்திருக்கு. விவேகானந்தர் பாறையில போய் நிக்கிறவங்க ஒரு மலைக்க அடிவயித்துல நிக்காங்க. அந்த வகை கல்லுக்கு சார்னோக்கைட்னு பேரு, கல்கத்தாவுல கிழக்கிந்திய கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு நம்ம பல்லாவரத்து கல்லு போயிருந்துச்சு, அத 1893-ல ஹாலண்டுங்கிற ஜியாலஜிஸ்ட் ஆராய்ஞ்சு அந்த பேரை வச்சாரு. அந்த காலத்து மலைகள்லேருந்து கிளம்பின ஜிர்கான் உலகம் பூரா மணற்கல்லுல இருக்கு. சிட்னி நகரம் உக்காந்திருக்கிற ஹாக்ஸ்பரி மணற்கல்லுலயும் 50லேருந்து 70 கோடி வயசுக்காரங்க கூட்டமா இருக்காங்க, அவங்க அண்டார்டிகா பக்கமிருந்து ஆத்துல வந்தவங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. ஒரே காலத்துல பிறந்தவங்க, நம்ம ஆளு வள்ளியாத்துலயும் பழையாத்துலயும் இறங்கி இங்க கடலுக்கு வந்தான், அவன் அங்க போனான்.

போன மாசம் லீவுக்கு போனப்போ ஒரு பிரிண்ட் எடுத்துட்டு போனேன். எங்க ஊரு பாறையிலேருந்து பிரிச்ச ஒரே ஒரு ஜிர்கானுக்க போட்டோ, ஏ4 பேப்பர் முழுக்க. அப்பாவுக்கு ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆகியிருக்கு, பேப்பரை ஜன்னல் பக்கம் கொண்டு போய் அவருக்க பழைய பூதக்கண்ணாடியை வச்சு பாத்தாரு. வெளிப்பக்கம் வெளுத்த ஒரு வளையம், அதுக்குள்ள கறுத்து முட்டை மாதிரி ஒரு உருண்டை. வெளிய இருக்கிறது 55 கோடி, உள்ள இருக்கிறது சுமார் 200 கோடின்னு விரல் வச்சு காட்டினேன். பெரிய மோதல் நடந்தப்போ பழைய மணி மேல புது தோல் வளந்திருக்குப்பா, தேங்காய் பருப்பு மேல ஓடு மாதிரின்னேன்.

ரொம்ப நேரம் பேசல. பொறவு கேட்டாரு, "நான் எத்தனை ஆயிரம் டன் இத லாரியில ஏத்திவிட்டிருப்பேன், ஒண்ணு ஒண்ணுக்குள்ளயும் இப்பிடித்தான் இருந்திருக்குமா?"

எல்லாத்துலயும் இல்லப்பா, நிறையத்துல இருந்திருக்கும்னேன்.

"உள்ள இருக்கிற உருண்டை ஏன் மழுங்கிக் கிடக்கு? ஆத்துல உருண்ட கல்லு மாதிரி?"

நான் அத அவரு கிட்ட சொல்லவே இல்ல, அவரா பாத்துட்டாரு. கொண்டலைட்னு ஒரு கல்லு, கார்னெட் சிவப்பு சிவப்பா தெரியுமே எங்க பக்கத்து மலைகள்ல, அது வேகுறதுக்கு முன்னால சேறும் மணலுமா கிடந்த படிவு. இந்த மணி அந்த கல்லுலேருந்து எடுத்தது. உள்ள இருக்கிற உருண்டை அதுக்கும் முன்னால ஏதோ ஒரு மலையில பிறந்து, ஆத்துல உருண்டு மழுங்கி, மணலா படிஞ்சு, அந்த படிவு பூமிக்குள்ள போய் வெந்து பாறையாகி, தோல் போட்டு, மேல வந்து, உடைஞ்சு, மறுபடி மணலாகி அப்பாக்க பாக்கெட்டுக்கு வந்திருக்கு. மணலுக்குள்ள ஒரு பழைய மணலு.

அத சொல்லி முடிச்சதும் அப்பா கண்ணாடியை மறுபடி அந்த கறுத்த உருண்டை மேல கொண்டு போனாரு.

"அப்ப இவன் யாருக்க மவன்?"

அதுக்கு அந்த உருண்டைகளை மட்டும் தனியா அளக்கணும்ப்பா, நூறு மணிக்கு மேல வேணும்னேன். அப்பா எழும்பி போய் அலமாரியிலேருந்து ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணை எடுத்துட்டு வந்தாரு, உள்ள பாதிக்கு மேல கருமணல், மூடி மேல வருஷம் எழுதி ஒட்டியிருக்கு, நான் பிறந்த வருஷம். பாட்டிலை மேசையில வச்சுட்டு, "லேப்புக்குள்ள கொண்டு போகாத, மூணு கவர் போட்டு கட்டி தாரேன்"னாரு.